வாசல் சத்தம்

நோர்முரோத் குப்புறப் படுத்து, தலையையும் ஒரு கையையும் மர அலமாரிக்குள் நுழைத்திருந்தான். வாயில் கவ்வியிருந்த சின்ன டார்ச்சின் வெளிச்சம் ஆடியோ ரிசீவரின் முதுகில் விழுந்தது. சுவருக்குள்ளிருந்து வந்த ஸ்பீக்கர் வயர்களின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று செருகித் திருகினான். பளிங்குத் தரையின் சில்லிப்பு சட்டையைத் தாண்டி வயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கியா, இல்ல அந்தப் பெட்டி உன்னை முழுங்கிடுச்சா?" சுதை வேலைக்காரன் எஷ்மிர்சா பின்னாலிருந்து அவன் உள்ளங்காலைச் சுரண்டினான்.

நோர்முரோத் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான். "மணி என்னன்னு பாரு."

"மணி பாக்க எங்கிட்ட என்ன இருக்கு? நம்ம போனெல்லாம் வாசல்ல வாட்ச்மேன் சோபிர் கிழவனோட டிராயருக்குள்ள தூங்குது. வெயிலைப் பாத்தா பன்னெண்டுக்குப் பக்கம்."

யாரோ ஒரு டைல்ஸ்காரன் இந்த வீட்டுக் குளியலறையைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டானாம். அன்றிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

பன்னிரண்டு என்றதும் நோர்முரோத்தின் கை வேகமானது. மனைவி சனோபர் வரும் நேரம் அது. சொந்த ஊரான பாய்சூனிலிருந்து ராத்திரி ரயில் ஏறியவள் காலையிலேயே தாஷ்கந்தில் இறங்கியிருப்பாள். இஸ்தான்புல்லில் படுத்த படுக்கையான ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருஷம். ஏஜென்ட் அம்மாள் அவளை இந்த வாசலில் இறக்கிவிட்டு, நகரத்தில் இருக்கும் மற்றப் பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவதாக ஏற்பாடு. வேன் திரும்பி வரும்வரை தெருவோர வாய்க்காலுக்குப் பக்கத்தில் மல்பெரி மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருக்கலாம். அதற்காக மேஸ்திரி ஹோஷிமிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தான். "அதுக்கென்ன, மத்தியானம் வரைக்கும் வேலையைப் பாத்துட்டுப் போ" என்று ஹோஷிமும் சொல்லியிருந்தான்.

போன இலையுதிர்காலத்தில் ஊரை விட்டு வந்ததோடு சரி, நோர்முரோத் அவளைப் பார்க்கவில்லை. போனில் பார்த்ததெல்லாம் கணக்கில்லை. போனில் அவள் எப்போதும் குழந்தையின் முகத்தைத்தான் காட்டுவாள். அவள் குரல் மட்டும் பக்கத்திலிருந்து வரும்.

இன்றைக்கு அவள் கையில் ரொட்டி இருக்கும். பயணம் போகிறவர் ஒரு முழு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போகவேண்டும். வீட்டில் இருக்கிறவர் அதை வாங்கிச் சுவரில் மாட்டி வைப்பார். போனவர் திரும்பி வந்து தானே அதைத் தின்று தீர்க்கவேண்டும். அவன் ரஷ்யாவுக்குப் போனபோது சனோபர்தான் வாங்கி மாட்டினாள். மூன்று குளிர்காலம் அது அடுப்புப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. திரும்பி வந்த அன்று கல்லாகிப் போயிருந்த அந்த ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து அவன் கடிக்க, "பல்லு பத்திரம், இனிமே அதுதான் நம்ம சொத்து" என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வாயை முக்காட்டு நுனியால் மூடிக்கொள்வாள். இந்தத் தடவை கடிக்கப் போகிறவள் அவள். வாங்க வேண்டியவன் அவன்.

கடைசி வயரையும் திருகிவிட்டு வெளியே வந்தான். ஹோஷிம் ரிமோட்டை நீட்டினான். டிஷ் பெட்டியின் படம் சுவரில் மாட்டிய டிவியில் விரிந்தது. ஏதோ ஒரு அலைவரிசையில் குதிரைகள் ஓடின. அடுத்த கணம் கூடத்தின் ஐந்து ஸ்பீக்கர்களிலிருந்தும் குளம்புச் சத்தம் கிளம்பிற்று. எஷ்மிர்சா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"அடேய், முதுகுக்குப் பின்னாடியும் குதிரை வருதுடா!"

வீட்டுக்கார அம்மா நிகோரா பியாலாக் கிண்ணங்களில் பச்சைத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவளே கையால் எடுத்துக் கொடுப்பாள். அந்த விஷயத்தில் நல்ல மனுஷி. "பிரமாதம்பா" என்றாள். "இப்ப வாசல் கேமராவைப் போடு. சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. வாசல்ல யாரு வந்து நிக்கிறா, என்ன பேசுறான்னு இங்க உக்காந்தே கேக்கணும். அதுக்குத்தான் என் வீட்டுக்காரர் இவ்வளவும் வாங்கினாரு."

நோர்முரோத் பொத்தானை அழுத்தினான். குதிரைகள் மறைந்தன. வாசல் வந்தது. இரும்புக் கதவு, சோபிர் கிழவரின் முக்காலி, வெயில். வெயிலில் சனோபர்.

திரையில் ஆளுயரத்துக்கு இருந்தாள். நீலப் பூப்போட்ட முக்காடு. காலருகே கட்டம் போட்ட பெரிய பை. கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ரொட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். சோபிரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. சுவர்களிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"யாரு அது?" என்றாள் நிகோரா.

"என் வீட்டுக்காரி, அக்கா. இன்னிக்கு வெளிநாடு போறா."

"அடடா, மூக்கும் முழியுமா இருக்காளே! ஹோஷிம், சோபிர்கிட்ட சொல்லுங்க, அந்தப் பொண்ணுக்கு முக்காலியைக் கொடுக்கச் சொல்லி. உள்ளயே வரச் சொல்லலாம், ஆனா தரைக்கு இப்பத்தான் மெழுகு போட்டிருக்கு." பிறகு திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "ஆமா, சத்தம் எங்க?"

ஹோஷிம் போனை எடுத்துக் கிழவரைக் கூப்பிட்டான். திரையில் கிழவர் போனைக் காதில் வைப்பது தெரிந்தது. "அந்தப் பொண்ணை உக்காரச் சொல்லு. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவான்."

"அண்ணே, நான் ஒரு வார்த்தை..." நோர்முரோத் கையை நீட்டினான்.

"இப்ப என்னடா வார்த்தை? அஞ்சு நிமிஷத்துல நேர்லயே பேசப்போற. மொதல்ல இதைப் பாரு." ஹோஷிம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

சின்ன விஷயம்தான் என்று நோர்முரோத்துக்கும் தோன்றியது. டிஷ் பெட்டியின் படமும் சத்தமும் ரிசீவருக்குள் போய், அங்கேயே சத்தம் பிரிந்து ஸ்பீக்கர்களுக்குப் போய்விடுகிறது. படம் மட்டும் டிவிக்கு ஏறுகிறது. கேமரா அப்படியில்லை. அது நேரே டிவிக்குள்தான் வருகிறது. அதனால் சத்தம் டிவியிலிருந்து கீழே ரிசீவருக்கு இறங்கி வந்தாகவேண்டும். அதற்கென்றே ஒரு ஒளி வயரைச் சுவருக்குள் விட்டிருந்தான். ரிசீவர் பக்கத்து நுனியைப் பிடுங்கி உள்ளங்கைக்கு நேரே பிடித்தான். சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் விழவேண்டும். விழவில்லை. கையைக் குவித்து இருட்டாக்கிப் பார்த்தான். இல்லை.

"எஷ்மிர்சா, இந்த மூலையில பூசும்போது வயரை என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்? துருத்திக்கிட்டு நின்னுச்சு. மடக்கி உள்ள வெச்சுப் பூசினேன்."

"மடக்கினியா? அது கண்ணாடி மாதிரிடா. மடக்கினா உள்ள ஒடிஞ்சுடும்."

"வயருன்னு சொல்லிட்டு கண்ணாடியைக் கொடுத்தா நான் என்னத்தைக் கண்டேன்? எங்க ஊருக்குப் போற ரோடே ஏழு மடக்கு மடங்கித்தான் போகுது. அதுல பஸ்ஸே போகுது, வெளிச்சம் போகாதா?"

நிகோரா சிரித்துவிட்டாள். ஹோஷிம் சிரிக்கவில்லை. சுவரை உடைப்பது நடக்கிற காரியமில்லை. டிவியைச் சுற்றி எஷ்மிர்சா ஒரு மாதம் உட்கார்ந்து செதுக்கிய சுதைச் சட்டம் அது. கொடியும் மாதுளம்பூவுமாக வெண்மை மின்னியது. அந்தச் சட்டத்தால்தான் இத்தனை வம்பும். டிவியின் சொந்த ஸ்பீக்கர்கள் அதன் அடிவயிற்றில் இருந்தன. சட்டம் வந்து அவற்றை அடைத்துவிட்டது.

சத்தம் கேமராவிலிருந்து வருகிறதா என்று பார்க்க நோர்முரோத் அந்தச் சொந்த ஸ்பீக்கரையே திறந்து கடைசிவரை கூட்டினான். திரையில் சனோபர் முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். கிழவர் மேலே கையைக் காட்டி ஏதோ சொன்னார். கேமராவைத்தான் காட்டினார் போலிருக்கிறது. சனோபர் நிமிர்ந்தாள். நேராக அவனைப் பார்த்தாள். முக்காட்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.

சுதைக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். அவள் குரல்தான். ஏற்றமும் இறக்கமும் அவளுடையவை. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நோர்முரோத் சட்டத்தின் கீழ்விளிம்பில் காதை வைத்தான். எஷ்மிர்சாவும் வந்து மறுபக்கம் காதை வைத்தான்.

"என்னடா சொல்றா?"

"சும்மா இரு."

பேச்சு நின்றது. நோர்முரோத் திரும்பிப் பார்த்தபோது அவள் பதிலுக்குக் காத்திருப்பது போலக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, நான் போய் ஒரு நிமிஷம் பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

ஹோஷிம் அவன் தோளில் கை வைத்தான். குரலைத் தாழ்த்தினான். "சிம்கான் மலைரோட்டு வீட்டு வேலை உனக்குத்தான்னு சொல்லியிருக்கேனா இல்லையா? குளிர்காலம் முழுக்க வேலை. அந்த வீட்டுக்காரரும் இன்னிக்கு சாயங்காலம் இங்க வர்றாரு. வந்து, வாசல்ல சத்தம் வரலைன்னா என்ன நினைப்பாரு? நீயே சொல்லு."

நோர்முரோத்துக்குப் பழைய வர்ணக்காரன் ஞாபகம் வந்தது. தங்கை கல்யாணத்துக்கென்று ஒருநாள் முன்னதாகக் கிளம்பிப் போனவன் திரும்பி வந்தபோது அவன் ஏணியில் வேறு ஆள் நின்றிருந்தான். அவனை யாரும் திட்டக்கூட இல்லை. தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

"முடிச்சிட்டு நிம்மதியாப் போப்பா" என்றாள் நிகோரா. "அரைகுறையா விட்டுட்டுப் போனா அங்க போயும் உனக்கு இதே நினைப்பாத்தான் இருக்கும்."

அவன் ரிசீவரின் விளக்கப் புத்தகத்தை எடுத்துப் படங்களைப் பார்த்தான். எழுத்து புரியாவிட்டாலும் அம்புக்குறி புரிந்தது. ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரு வயர். அதே வயரில் ஒரு அம்பு மேலே போயிற்று. இன்னொரு அம்பு கீழே வந்தது. படம் போகிற வழியிலேயே சத்தம் திரும்பி வரும். ஆனால் கீழ் அம்பு டிவியின் ஒரே ஒரு துளையிலிருந்துதான் புறப்பட்டது. பக்கத்தில் மூன்று சிறிய எழுத்துகள். டிவியைத் தூக்கி மாட்டிய அன்று அந்த மூன்று எழுத்துகளை அவன் பார்த்திருந்தான். நான்கு துளையும் ஒன்றுதான் என்று நினைத்து, கைக்கு எட்டிய முதல் துளையில் செருகியிருந்தான். எழுத்து இருந்தது மூன்றாவதில்.

"அண்ணே, டிவியைக் கொஞ்சம் முன்னால இழுக்கணும். வயரை ஒரு துளையிலேருந்து பிடுங்கி இன்னொண்ணுல வெக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே!" என்றான் ஹோஷிம்.

மூன்று பேரும் சேர்ந்து பிடித்தார்கள். ஹோஷிம் இடப்பக்கம், எஷ்மிர்சா வலப்பக்கம். நோர்முரோத் நடுவில் குனிந்து, கீழ்விளிம்பைத் தோளில் தாங்கிக்கொண்டு, ஒரு கையைச் சட்டத்துக்கும் டிவிக்கும் இடையே நுழைத்தான். மேல்கொக்கியிலிருந்து விடுபட்டதும் டிவியின் கனம் முழுக்கத் தோளில் இறங்கியது. அவன் முகம் சுவரைப் பார்த்திருந்தது. திரை அவன் முதுகுக்கு அப்பால் வெளியே பார்த்திருந்தது.

முதல் துளையிலிருந்து வயரைப் பிடுங்கினான். மூன்றாவதற்குக் கொண்டுபோனான். ஒரு சாண் குறைந்தது. இழுத்தான். வரவில்லை. சுவரிலிருந்து வயர் வெளியே வரும் குழாயின் வாயைத் தடவிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது.

"குழாய் வாயை சுதை வெச்சு அடைச்சிருக்கியே, பாவி."

"ஓட்டை தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு அண்ணன்தான் சொன்னாரு" என்றான் எஷ்மிர்சா. "தட்டி எடு, காய்ஞ்ச சுதைதானே. சட்டத்துல கீறல் விழாம எடு."

நோர்முரோத் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் குத்தினான். வெள்ளைத் தூள் கண்ணில் விழுந்தது. இன்னும் குத்தினான்.

"உன் வீட்டுக்காரி பையைத் திறக்கறாடா" என்றான் எஷ்மிர்சா. அவன் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தால் திரை தெரிந்தது. "கிழவனுக்கு என்னமோ கொடுக்கறா. உலர்ந்த ஆப்ரிகாட் போல. எனக்கு இல்லையாம்மா? ஒரு மாசமா உன் புருஷன் குறட்டையைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேனே, அதுக்காவது..."

"அவ பாத்துக்கிட்டிருக்காளா? இந்தப் பக்கம்?"

"தெருவைப் பாக்கறா."

குத்தினான். ஒரு கட்டி உடைந்து விழுந்தது. வயர் ஒரு விரல் அளவு வந்தது.

"இன்னும் எவ்வளவுடா? கை விட்டுப் போகுது" என்றான் ஹோஷிம்.

"இதோண்ணே."

"வேன் வந்துடுச்சு" என்றான் எஷ்மிர்சா. அவன் குரலில் இருந்த கேலி போயிருந்தது. "வெள்ளை வேன். ஒரு குண்டம்மா இறங்கறா. கையை ஆட்டிக் கூப்பிடறா."

"அதுக்குள்ளயா? அண்ணே, கிழவர்கிட்ட போன் பண்ணிச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்."

"எந்தக் கையால பண்றது? விட்டா தரை போச்சு, டிவி போச்சு, நாம மூணு பேரும் போனோம். நீ வேலையைப் பாரு."

நிகோரா சமையல்கட்டுப் பக்கம் போயிருந்தாள். அங்கே யாரிடமோ தட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நோர்முரோத் கூப்பிட வாயைத் திறந்தான். தோளில் இருந்த கனத்தில் குரல் எழும்பவில்லை. திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு வயரை விரல்களில் சுற்றி முழு பலத்தோடு இழுத்தான். அது தோலை அறுத்துக்கொண்டு வந்தது.

"துணியைப் பிரிக்கறா" என்றான் எஷ்மிர்சா. "ரொட்டியை எடுத்துட்டா." கழுத்தை இன்னும் எட்டினான். "மேலே பாக்கறாடா. கேமராவைப் பாக்கறா. என்னமோ சொல்றா."

"என்ன சொல்றா?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

முனகல் நோர்முரோத்தின் தோளில் அதிர்ந்தது. டிவியின் அடிவயிறு அவன் தோளில்தான் இருந்தது. சட்டத்தை விட்டு வெளியே வந்தும், அவன் சட்டையும் சதையும் அதை அடைத்துக்கொண்டிருந்தன. அவள் குரல் அவன் எலும்பில் நடுங்கியது. சொற்கள் இல்லை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"கடிச்சுட்டா" என்றான் எஷ்மிர்சா.

வயர் மூன்றாவது துளையைத் தொட்டது. விரலால் தடவித் தடவிச் செருகினான். டக்கென்று உட்கார்ந்தது. மூவரும் சேர்ந்து தூக்கினார்கள். ஒரு கொக்கி மாட்டியது, மற்றது மாட்டவில்லை. மறுபடி தூக்கினார்கள். மாட்டியது. நோர்முரோத் நிமிர முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, ரிமோட்டைத் தேடி எடுத்து, அண்ணாந்து திரையிலிருந்த பட்டியலில் ஒவ்வொரு வரியாக இறங்கினான். டிவி ஸ்பீக்கரை அணைத்து, அதற்குக் கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்தான். ரிசீவரின் கண்ணாடியில் ஒரு நீல விளக்கு மினுக்கி நின்றது.

சத்தம் வந்தது.

முதலில் வாய்க்கால் தண்ணீர். கூடத்தின் இடது சுவரோரம் ஓடியது. பிறகு மல்பெரி இலைகள். பிறகு தெருமுனையில் திரும்பும் ஒரு வேனின் கியர் மாற்றம். அது வலது மூலையில் மெலிந்து, மெலிந்து, இல்லாமற்போனது. மண்ணில் சோபிர் கிழவரின் செருப்பு தேயும் சத்தம். கதவுத் தாழ்ப்பாள். கிழவரின் இருமல், அவர் கூடத்துக்கு நடுவில் நின்று இருமுவதுபோல அவ்வளவு அருகில்.

திரையில் முக்காலி இருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி. துணியின் ஒரு முனையைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. உள்ளே ரொட்டி தெரிந்தது. விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு வாய் குறைந்திருந்தது.

"வந்துடுச்சா?" நிகோரா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். நடுக்கூடத்தில் நின்று கண்ணை மூடிக் கேட்டாள். "அம்மாடி! தண்ணி ஓடறதுகூடக் கேக்குதே!"

சாயங்காலத்துக்குப் பூ கொண்டுவந்த வண்டிக்காரனுக்குக் கதவைத் திறக்கக் கிழவர் திரையை விட்டு விலகினார். முக்காலி தனியாக நின்றது. மேலிருந்து ஒரு சிட்டுக்குருவி இறங்கித் துணியில் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்தது. ஒரு தத்தல். கடித்த இடத்தின் மெத்தென்ற உள்சதையைக் கொத்தியது.

டக். டக். ஐந்து ஸ்பீக்கர்களிலிருந்தும் கேட்டது.

எஷ்மிர்சா வாசலை நோக்கி இரண்டடி வைத்து, மெழுகுத் தரையைப் பார்த்து நின்றான். ஹோஷிம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நோர்முரோத்தின் முதுகில் தட்டினான்.

"இன்னும் கொஞ்சம் கூட்டு" என்றான். "அக்கா கேக்கட்டும்."

நோர்முரோத் கூட்டினான்.